சுவர் தாண்டப் பார்த்த கரடி

போன செவ்வாய்க்கிழமை வீரபாண்டியில் ஒரு கரடி, சுவரேறிப் பக்கத்துக் கம்பெனிக்குள் குதிக்கப் பார்த்தது. அதைக் குதிக்கவிடாமல் பிடித்து நிறுத்தியவள் என் கொழுந்தியாள். சுவரில் ஏணியைச் சாத்தி வைத்தவன்... வேறு யார், நான்தான்.

பயப்படாதீர்கள். குடை பிடித்த கரடி அது. குழந்தைகளின் டீ-ஷர்ட்டில் நெஞ்சுப் பக்கம் அச்சடிப்பதற்காக வெளிநாட்டில் யாரோ வரைந்த டிசைன். கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல், அவ்வளவுதான். ஆனால் கலைமணியின் யூனிட் நிமிருமா படுக்குமா என்பது இந்த ஒரு ஃபைலை நம்பித்தான் இருந்தது.

கலைமணி என் மனைவியின் தங்கை. அவளுடைய கணவர், அதாவது என் சகலை, பொங்கலூரில் கோழிப்பண்ணை பார்க்கிறார். வீரபாண்டியில் இருக்கும் பிரிண்டிங் யூனிட் முழுக்க முழுக்க அவளுடைய ராஜ்யம். துணியில் நேராக அச்சடிக்கிற பெரிய டிஜிட்டல் மெஷின் ஒன்று வைத்திருக்கிறாள். அதை வாங்கிய பிறகு அதைப் பற்றி அவள் பேசாத கல்யாண வீடு கிடையாது. வாய் கொஞ்சம் அதிகம். எனக்கும் அதிகம் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போகும்.

லினக்ஸ் என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்கிற தோரணையில் கொஞ்ச நாளைக்கு முன்னால் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மறந்திருந்தால் இன்னும் நல்லது. கலைமணி மறக்கவில்லை. போன் செய்துவிட்டாள்.

"ஏனுங் மாமா, பேப்பர்ல எழுதறதெல்லாம் நெசந்தானுங்ளா, இல்ல சும்மா எடத்த ரொப்பறதுங்ளா?"

"நெசந்தான் அம்மிணி. ஏன்?"

"அப்பச் சித்தெ கெளம்பி வாங்க. நொம்ப வெசனமா இருக்குதுங்."

கவலை என்ற வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. உடனே வண்டியை எடுத்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் ஒரு டீ-ஷர்ட் ஒரே கூரைக்குக் கீழே பிறப்பதில்லை. கட்டிங் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், எம்ப்ராய்டரி இன்னோர் இடம். துணிக்கட்டு எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் டிசைன் இருக்கிற பென் டிரைவும் போயாக வேண்டும். எப்படிப் போகும்? சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, டெலிவரி சலானோடு சேர்த்து, துணிக்கட்டின் கயிற்றிலேயே முடிந்துவிடுவார்கள். தொலையவே தொலையாது. அருமையான ஏற்பாடு என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் பென் டிரைவில் நாம் வைத்ததும் இருக்கும், வைக்காததும் இருக்கும். ஒருமுறை பல்லடத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண வீடியோ முழுசாக வந்து சேர்ந்ததாம். "பந்தி நல்லா இருந்துச்சுங் மாமா" என்றாள். இன்னொரு முறை வைரஸ். மெஷின் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரின் ஃபைல்கள் அத்தனையும் பூட்டிக்கொண்டன. சர்வீஸுக்கு வந்தவர் விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். ஆக, ஆபீஸ் ரூமில் விண்டோஸ், மெஷின் இருக்கிற ஷெட்டில் லினக்ஸ். இரண்டுக்கும் நடுவே பாலம்? பழையபடி அதே பென் டிரைவ்.

போன சீசனில் வெடித்தது. சைக்கிள் ஓட்டும் யானை ஒன்று, கரடியை அனுப்பிய இதே வெளிநாட்டு பையரின், அதாவது ஆர்டர் கொடுக்கிறவரின், டிசைன். டீ-ஷர்ட்டுகள் இன்னும் கப்பலே ஏறவில்லை. அதற்குள் கழித்துக்கட்டிய பனியன்களை மலிவாக விற்கும் உள்ளூர் செகண்ட்ஸ் கடை வாசலில் யானை வரிசையாகத் தொங்குகிறது. யார் விட்டார்கள்? அந்தப் பென் டிரைவ் கலைமணியுடையது உட்பட மூன்று யூனிட்களுக்குப் போய் வந்திருந்தது. மூன்று பேருமே நான் இல்லை என்றார்கள். பையர் மூன்று பேரையும் சந்தேகப்பட்டார்.

"திருடுனத காட்டீரலாமுங் மாமா. திருடலைங்கறத எப்புடிங்க காட்டறது?"

இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. எனக்குக் கஷ்டமாக இருந்தது. அடுத்தவர் துணியை வாங்கிக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்களுக்குப் பெயர்தானே முதல்? அது போய்விட்டால் அவ்வளவு பெரிய மெஷினை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

பையர் ஒரு கடைசி வாய்ப்புக் கொடுத்திருந்தார். சென்னை ஆபீஸிலிருந்து ஓர் ஆடிட்டர் வருவார். கரடி ஃபைல், ஆபீஸ் ரூமிலிருந்து மெஷினுக்குப் போவதை அவர் கண்ணெதிரே செய்து காட்ட வேண்டும். பென் டிரைவ் கூடாது. வாட்ஸப் கூடாது. வழியில் வேறு யார் கையிலும், யார் கண்ணிலும் படக் கூடாது. சரியாக இருந்தால் ஆர்டர். இல்லையென்றால் இத்தோடு கும்பிடு.

"ப்பூ, இவ்வளவுதானா?" என்றேன்.

இந்த வார்த்தையைச் சொன்னபோதெல்லாம் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இருந்தும் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு பொது ஃபோல்டர் திறந்தேன். விண்டோஸிலிருந்து தட்டினால் 'அனுமதி இல்லை' என்றது. மறுபடி தட்டினேன். மறுபடி 'அனுமதி இல்லை'. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கொழுந்தியாள் வேறு பக்கத்தில் நின்று பார்க்கிறாள். போய்த் தொலை என்று 'எல்லோருக்கும் அனுமதி' என்று மாற்றிவிட்டேன். கரடி சமர்த்தாக ஷெட்டுக்குப் போனது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். டீயும் முறுக்கும் வந்தன.

முறுக்கு பாதி வாயில் இருக்கும்போது கலைமணிக்கு போன். பக்கத்துக் கம்பெனி ஜமால் பாய். பனியன் வியாபாரம். இரண்டு கம்பெனிக்கும் ஒரே இன்டர்நெட் கனெக்‌ஷன்தான். நடுச்சுவரில் ஓட்டை போட்டு கேபிள் இழுத்திருக்கிறார்கள். கலைமணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க கம்ப்யூட்டர்ல உங்க கரடி தெரியுதுங்க. கரடி நல்லாத்தான் இருக்குது. ஆனா அத நாங்க பாக்கலாமுங்களா?"

மீதி முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். எல்லோருக்கும் அனுமதி என்றால் எல்லோருக்கும்தானே? லினக்ஸ் சொன்னதைச் செய்திருக்கிறது. சொன்னவன்தான் சரியில்லை. வெட்கமாகப் போய்விட்டது எனக்கு.

"போச்சாதுங், உடுங்க மாமா," என்றாள் கலைமணி, ரொம்ப மரியாதையாக. "எழுதறதுக்கு ஒரு விசயம் கெடச்சுதல்லங்."

அந்த மரியாதைக்குத்தான் ரோஷம் வந்தது. பொது ஃபோல்டரை இழுத்து மூடிவிட்டு, முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். எஸ்.எஸ்.ஹெச். என்று ஒரு வழி இருக்கிறது. பெயர்தான் பாம்பு சீறுகிற மாதிரி. காரியம் எளிது. ஃபைல் இங்கேயே பூட்டப்பட்டு, பூட்டோடு பயணம் செய்து, அந்தப் பக்கம் போய்த்தான் திறக்கும். நடுவில் யார் எட்டிப் பார்த்தாலும் அர்த்தமில்லாத கிறுக்கல்தான் தெரியும். லினக்ஸுக்கு அதற்கானது தயாராகக் கிடைக்கிறது; நிறுவிவிட்டால் போதும். விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு குட்டி புரோகிராம். இடது பக்கம் இந்தக் கம்ப்யூட்டர், வலது பக்கம் அந்தக் கம்ப்யூட்டர். இங்கிருந்து அங்கே இழுத்துவிட வேண்டியதுதான்.

லினக்ஸ் கம்ப்யூட்டரின் முகவரி எண்ணைக் கொடுத்து முதல்முறை கனெக்ட் செய்ததும் ஒரு பெட்டி வந்தது. நீளமாக ஒரு வரி எழுத்தும் எண்ணும். கீழே ஒரு கேள்வி. எஸ், நோ.

"இது என்னுங்க கேக்குது?"

"அக்கட்டால இருக்கறது நம்ம ஷெட் கம்ப்யூட்டர்தானான்னு கேக்குது. மனுசனுக்குக் கைரேகை இருக்கற மாதிரி அதுக்கு இந்த வரி. ஒண்ணுமில்ல, எஸ் குடு."

"பாக்காமயேங்ளா?"

"எல்லாரும் அப்புடித்தான் குடுப்பாங்க."

"ஆகாதுங் மாமா. ஸ்வாட்ச்சப் பாக்காம ஓகே குடுத்தா பல்க்கு பூராவும் ரிஜெக்ட் ஆயிருமுங்."

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் நிறம் என்பது வாய்ப்பேச்சில் முடிவதில்லை. பையர் ஒரு சின்னத் துணித்துண்டைப் பார்த்து இதுதான் நிறம் என்று ஒப்புக்கொள்வார். அதை இரண்டாக வெட்டி, பாதி அவரிடம், பாதி நம்மிடம். அதற்குப் பெயர்தான் ஸ்வாட்ச். சாயம் போட்டு முழுத் துணியும் வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் அந்தத் துண்டோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் ஓகே. துளி மங்கினாலும் திரும்ப வேண்டியதுதான். சொந்தத் தம்பியே சாயம் போட்டிருந்தாலும் பிடித்துப் பார்க்காமல் ஓகே சொல்லமாட்டார்கள்.

கலைமணி ஷெட்டில் இருந்த பிபினுக்கு போன் செய்தாள். ஒடிசாவிலிருந்து வந்து மெஷின் ஓட்டுகிறவர். எந்த மொழி பேசினாலும் கடைசியில் ஒரு 'ங்க' போட வேண்டும் என்று இந்த ஊர் அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. அவர் லினக்ஸ் திரையில் அதே ரேகையை வரவழைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். கலைமணி இங்கே விரல் வைத்துச் சரிபார்த்தாள். முழுக்க ஒட்டிய பிறகுதான் எஸ் கொடுத்தாள்.

அதோடு விட்டாளா? அந்தப் புதுப் பாதையில் அவள் அனுப்பிய முதல் ஃபைல் கரடி இல்லை. அந்தக் கைரேகை வரிதான். வெள்ளைப் பனியன் துணியில் அதை ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு தடவை அச்சடித்து, நடுவே வெட்டி, ஒரு துண்டை ஆபீஸ் மானிட்டரில் தொங்கவிட்டாள். இன்னொன்று ஷெட் கம்ப்யூட்டரில். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அம்மிணி, இதையெல்லாம் கம்ப்யூட்டரே ஞாபகம் வெச்சுக்கும்."

"அதும் வெச்சுக்கட்டுங். நானும் வெச்சுக்கறனுங்."

இதற்குள் ஜமால் பாய் வந்து எட்டிப் பார்த்தார். "நமக்கும் ஒண்ணு இப்படிப் போட்டுக் குடுங்க சார்" என்றார். ஜெயித்த மிதப்பில் இருந்தேன் அல்லவா... உடனே போய் அவருடைய பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலும் லினக்ஸைப் போட்டு, அதே எஸ்.எஸ்.ஹெச்.சையும் போட்டுக் கொடுத்தேன். யூசர் பெயர்? கலைமணியிடம் வைத்த அதே பெயர். பாஸ்வேர்ட்? அதே பாஸ்வேர்ட். எனக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி என்று அப்போது நினைத்தேன். சுத்தமான சோம்பேறித்தனம் என்று இப்போது சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஆடிட்டரும் வந்தார். ரேவதி என்று பெயர். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாத ரகம். கலைமணி முருகன் படத்துக்குப் பூ வைத்து, பட்டுச்சேலை கட்டி, பரீட்சைக்கு வந்தவள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். நான் இஸ்திரி போட்ட சட்டையில், துணை விஞ்ஞானி போலப் பக்கத்தில். காலையில் கரன்ட் ஒருமுறை போய்விட்டு வந்திருந்தது. எங்கள் ஊரில் அதையெல்லாம் யார் கண்டுகொள்கிறார்கள்?

"இப்ப ஃபைலை அனுப்புங்க மேடம். நான் பார்க்கிறேன்," என்றார் ரேவதி.

கலைமணி கனெக்ட் செய்தாள். திரையில் ஓர் எச்சரிக்கை குதித்தது. எதிர்முனைக் கம்ப்யூட்டரின் கைரேகை போன முறை பார்த்ததோடு பொருந்தவில்லை... தொடரலாமா?

ஆடிட்டர் முன்னால் இப்படியா மானம் போக வேண்டும்? குனிந்து கலைமணியின் காதருகே சொன்னேன்: "கரன்ட் போயிட்டு வந்ததுனால இருக்கும். எஸ் குடுத்துரு."

ஆமாம். நான்தான் சொன்னேன். லினக்ஸ் பற்றி உங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்த அதே ஆள்.

கலைமணியின் விரல் மவுஸ் மேல் நின்றது. ஒரு தட்டு. தட்டிவிட்டால் வேலை முடிந்தது, காபி சாப்பிடப் போகலாம். அவள் மவுஸைவிட்டுக் கையை எடுத்தாள். மானிட்டரில் தொங்கிய வெள்ளைத் துணியை அவிழ்த்து, நீவி, எச்சரிக்கைக்குக் கீழே திரையோடு ஒட்டிப் பிடித்தாள். நிறம் பார்க்கிற அதே பிடி. ரேவதி நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேட்ச் ஆகலீங்," என்றாள் கலைமணி. பிறகு ஆடிட்டர் பக்கம் திரும்பினாள். "மேடம், மன்னிச்சுக்கோங்க. நான் இத அனுப்ப மாட்டனுங்க. நேரமானாலும் பரவால்ல, சித்தெ இருங்க."

பிபினுக்கு போன் போட்டாள். "பிபின், அங்கிருக்கற ரேகையப் படிங்க." பிபின் படித்தார். அது துணியில் இருந்ததோடு எழுத்துப் பிசகாமல் ஒட்டியது. அப்படியென்றால் ஷெட் கம்ப்யூட்டர் சரியாகத்தான் இருக்கிறது. பிறகு இந்தத் திரையில் 'நான்தான், நான்தான்' என்று வந்து நிற்பது யார்?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரன்ட் போய் வந்ததில், இரண்டு கம்பெனிக்கும் இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுக்கிற ரௌட்டரும் அணைந்து எழுந்திருக்கிறது. எழுந்ததும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் முகவரி எண்களைப் புதிதாகப் பங்கு போட்டிருக்கிறது. ஷெட் கம்ப்யூட்டரின் பழைய எண், சுவருக்கு அந்தப் பக்கம் ஜமால் பாயின் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. நான் போட்டுக்கொடுத்த அதே லினக்ஸ். அதே யூசர் பெயர். அதே பாஸ்வேர்ட். எஸ் கொடுத்திருந்தால் கதவு திறந்திருக்கும். கரடி ஜாம் ஜாமென்று சுவரைத் தாண்டி அந்தக் கம்பெனியில் போய் உட்கார்ந்திருக்கும். அதுவும் யார் முன்னிலையில்? கரடி வெளியே போகிறதா என்று பார்க்க வந்தவர் முன்னிலையில்.

மறைக்கத் தோன்றவில்லை. அத்தனையையும் ரேவதியிடம் அப்படியே சொல்லிவிட்டேன், என் சோம்பேறித்தனம் உட்பட. அவர் குறித்துக்கொண்டே இருந்தார். சந்தேகம் தீர ஜமால் பாயையும் கூப்பிட்டு அவருடைய கம்ப்யூட்டர் ரேகையைப் படிக்கச் சொன்னோம். திரையில் நின்ற ரேகை அதேதான்.

"எங்க ஊட்டுக் கதவத்தான் தட்டீருக்கீங்களா?" என்றார் பாய். "நல்லவேளைங்க தங்கச்சி. உள்ள வந்திருந்தா நானும்ல பதில் சொல்லோணும்."

அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தேகத்துக்கு ஆளானவர்களின் வரிசையில் அவரும் காரணமில்லாமல் வந்து நின்றிருப்பார். அதே யானைக் கதை.

அப்புறம் நடந்தது சுருக்கம். ஷெட் கம்ப்யூட்டருக்கு அதன் பழைய எண்தான், எத்தனை முறை கரன்ட் போனாலும் அதுதான் என்று ரௌட்டரில் நிலையாக எழுதி வைத்தேன். பாஸ்வேர்டைக் கலைமணியே மாற்றினாள். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் மாற்றினாள். மறுபடி கனெக்ட் செய்தோம். எச்சரிக்கை வரவில்லை. அப்படியும் விட்டாளா? ரேகையைத் திரையில் வரவழைத்து, துணியைப் பிடித்து, ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கரடியை இழுத்துவிட்டாள்.

பிபினிடமிருந்து போன் வந்தது. "அக்கா, கரடி வந்துருச்சுங்க."

எல்லோரும் ஷெட்டுக்கு ஓடினோம். ரேவதி உட்பட. மெஷின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் போய் வர, துணியில் முதலில் குடை வந்தது. பிறகு காது. பிறகு அந்தக் குண்டு மூஞ்சி. எத்தனையோ பிரிண்டிங் பார்த்திருக்கிறேன். ஒரு கரடியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பிபின் கை தட்டினார். வாசலில் நின்ற பாயும் தட்டினார்.

கிளம்பும்போது ரேவதி முதல்முறையாகச் சிரித்தார். "சாஃப்ட்வேர் எல்லாரும்தான் வெச்சிருக்காங்க. இந்தப் பெட்டி வந்தா எல்லாரும் எஸ் குடுத்துடறாங்க. நோ சொன்ன ஆளை நான் இன்னிக்குத்தான் பார்த்தேன் மேடம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தத் துணியில ஒரு பீஸ் எனக்குக் கிடைக்குமா? மத்தவங்களுக்குக் காட்டணும்" என்றார்.

கலைமணி என்னைப் பார்த்தாள். "குடுக்கலாமுங்ளா மாமா? இது ரகசியமுங்ளா?"

"இல்ல அம்மிணி. பாஸ்வேர்டுதான் ரகசியம். ரேகையை யார் பாத்தாலும் பரவால்ல."

"அப்பப் புதுசா ஒண்ணு அடிச்சே குடுக்கறனுங்" என்றாள். அப்போது அவள் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

யோசித்துப் பார்க்கிறேன். துணியின் எடை, சாயம், சுருக்கம், தையல், பட்டன் என எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்து, தேய்த்துப் பார்த்து, முகர்ந்துகூடப் பார்த்து வாங்குகிற ஊர் எங்களுடையது. அதே ஆட்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் எது கேட்டாலும் எஸ். என்ன கேட்கிறது என்று படிப்பதுகூட இல்லை. நீங்கள் இன்று காலையிலிருந்து எத்தனை எஸ் கொடுத்திருக்கிறீர்கள்? நான் கணக்கு வைக்கவில்லை, வைத்தால் அவமானம்.

நேற்று கலைமணி போன் செய்தாள். பையரிடமிருந்து மெயில் வந்திருந்தது. ஆர்டர் உறுதி. நான் வாழ்த்துச் சொல்ல வாயெடுப்பதற்குள், "அதில்லீங் மாமா, கடேசி வரியக் கேளுங்க" என்றாள். தமிழில் படித்துச் சொன்னாள். ஆடிட்டரின் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு, யானை விஷயத்தில் இனி உங்கள் யூனிட் மீது எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை என்று இருந்ததாம். அதை இன்னொரு தடவை படித்தாள். குரல் உடைந்தது.

"ஆர்டர் இன்னைக்கு வருமுங், நாளைக்குப் போகுமுங். எனக்கு இந்த வரிதானுங் வேணும்."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. சொன்னால் கிண்டல் செய்வாள் என்று சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கரடி சீக்கிரமே கப்பல் ஏறுகிறது. சுவரேறிக் குதித்து அல்ல — வாசல் வழியாக, தலை நிமிர்ந்து, குடை பிடித்துக்கொண்டு.